பழைய எண், புதிய எண்

தயாபரனுக்கு இரண்டு மூளைகள்
என் திரையில்.

ஒன்று சாம்பல்.
மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அறுத்துக் காட்டுவது.
மடிப்பு, மடிப்புக்குள் மடிப்பு,
இடது நெற்றிக்குப் பின்னால்
நெல்லிக்காய் அளவில் அந்தக் கட்டி.
அத்தனை துல்லியம்.
ஆனால் அதில் ஒரு சொல்லும் கேட்காது.

மற்றது கலங்கல்.
மழையில் விழுந்த பேப்பர் போல ஓரமெல்லாம் ஊறி,
மூக்குக்கு மேலே காற்று அடைந்திருக்கும் இடத்தில்
யாரோ ஒரு வாய் கடித்து எடுத்த இருட்டு.
அவர் பேசுவது இதில்தான் எரிகிறது.

பேசுவது என்றால், வாயைத் திறக்காமல்.
"உங்க ரூட்ல வர்ற ஸ்டாப்பிங் பேரெல்லாம்
மனசுக்குள்ளேயே சொல்லுங்க சார்" என்றேன் மைக்கில்.
இருபத்தாறு வருட கண்டக்டர்.
விசிலையும் சில்லறையையும் தட்டில் வைத்துவிட்டு
உள்ளே போய்ப் படுத்தவர்.
பெரம்பூர். ஜமாலியா. ஓட்டேரி.
காந்தம் தடதடவென்று அடிக்க அடிக்க
ஆளே இல்லாத ஒரு வண்டியை
அடையாறு வரை கூட்டிப்போனார்.

இரண்டையும் பொருத்த வேண்டும் இப்போது.

இந்த ஊருக்கு இது புதிதில்லை.
என் வாசலில் பழைய எண் பதினாலு, புதிய எண் முப்பத்தொன்று,
நடுவில் ஒரு சாய்கோடு.
கூரியர் பையன் தெருமுனையிலிருந்து போன் பண்ணுவான்:
"மேடம், பதினாலு பூட்டியிருக்கு."
அது புதுப் பதினாலு, தம்பி.
அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள்.

மூன்று நகர்த்தல், மூன்று திருப்பல்.
ஆறு எண்கள் கிடைத்தால்
கலங்கல் போய்ச் சாம்பல்மேல் உட்காரும்.
மென்பொருள் தானாகவே உட்காரவைத்துப் பச்சை டிக் போட்டது.
நான் நம்பவில்லை.
நடுப் பள்ளத்தில் நீர் நிற்கிறதே,
அதன் கரை இரண்டிலும் ஒன்றுதானா?
வலது பொட்டில் பிளாஸ்திரி வைத்து நான் ஒட்டிய
மீன் எண்ணெய் மாத்திரை
வலதில்தான் மின்னுகிறதா?
ஒரு மைனஸ் குறி விட்டுப்போனால்
இடம் வலமாகிவிடும்.
அடுத்து வருவது கத்தி.

அசைவு வரைபடத்தில் ஒரு சின்ன மேடு.
பத்து விநாடி விட்டு இன்னொன்று.
இன்னொன்று.
இருமல் என்று நினைத்தேன் முதலில்.
பிறகுதான் உறைத்தது:
ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும்
படிக்கட்டைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்,
எல்லாரும் ஏறியாச்சா என்று.

அரை மில்லிமீட்டர்.
அதைக் கழித்தேன். கழிக்கத்தான் வேண்டும்.
எங்கள் பாஷையில் அதன் பெயர் இரைச்சல்.

டாக்டர் ரெஹானா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
ஆபரேஷன் தொப்பியைக் கழற்றவில்லை.
"கட்டிக்கும் பேச்சுக்கும் நடுவுல எவ்வளவு?"
"நாலு மில்லிமீட்டர்."
"நிச்சயமா?"
"மூணாவும் இருக்கலாம்."
விரல்களுக்கு நடுவே காற்றில் அளந்து பார்த்தாள்.
விசிலின் வாய் அளவுகூட இல்லை.

அவளுக்கும் தெரியும்,
எரிவது பேச்சு இல்லை.
பேச்சு நடந்த இடத்துக்கு
பின்னாலேயே ஓடிவரும் ரத்தம்.
ஐந்து விநாடி தாமதம்.
"அஞ்சு செகண்டெல்லாம் லேட்டாம்மா?" என்று
தயாபரன் சிரித்திருப்பார்.

கோப்பின் அடியில் எழுதினேன்:
பிழை, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்.
அனுப்பினேன்.
அவருடைய தலை திரும்பல்களை மட்டும்
தனிக் கோப்பாக வைத்துக்கொண்டேன்,
எதற்கென்று தெரியாமல்.

எட்டரைக்குக் கீழே இறங்கியபோது மழை விட்டிருந்தது.
சேத்துப்பட்டில் பிடித்த வண்டியில் நல்ல கூட்டம்.
கம்பியில் முதுகைச் சாய்த்து
"எங்கம்மா?" என்றான் கண்டக்டர், சின்னப் பையன்.
பெண்களுக்குக் காசு வேண்டாம்,
பெயரைச் சொன்னால் போதும், சீட்டு வரும்.

எங்கே என்று எனக்குத் தெரியும்.
தெரு தெரிகிறது. கதவு தெரிகிறது.
சாய்கோடு தெரிகிறது.
பெயர்தான்
இன்னும் வந்து சேரவில்லை.